செருப்பு துடைத்த முதலமைச்சர்

2024 டிசம்பர் 3ஆம் தேதி காலை, அமிர்தசரஸ் பொற்கோயிலின் மணிக்கூண்டு வாசலில் ஒருவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலில் எலும்பு முறிவுக்கான கட்டு. உடம்பில் கோயில் தொண்டர்களான சேவாதார்கள் அணியும் நீல அங்கி, கையில் ஈட்டி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஓர் அட்டை. உள்ளே போகிறவர்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்து நின்றார்கள். கால் முறியாமல் இருந்திருந்தால் அந்த வாரம் அவர் கழிவறை கழுவியிருக்க வேண்டும். முறிந்த காலோடு வந்ததால் வாசல் காவலும், லங்கர் என்ற பொதுப் பந்தியில் எச்சில் தட்டு கழுவுவதும் விதிக்கப்பட்டன.

அவர் சுக்பீர் சிங் பாதல். பஞ்சாபின் துணை முதலமைச்சராக ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இருந்தவர். ஐந்து முறை முதலமைச்சரான பிரகாஷ் சிங் பாதலின் மகன். 2008 முதல் சிரோமணி அகாலி தளம் கட்சியின் தலைவராக இருந்து, முந்தைய மாதம்தான் ராஜினாமா கடிதம் கொடுத்தவர். அவரோடு ஆட்சி செய்த முன்னாள் அமைச்சர்கள் அதே வளாகத்தில் துடைப்பமும் வாளியுமாகக் கழிவறைகளுக்குள் போனார்கள்.

மறுநாள் காலை, அதே வாசலில், முன்னாள் தீவிரவாதி ஒருவர் அவரைக் குறிபார்த்துச் சுட்டார். சாதாரண உடையில் இருந்த காவலர் ஒருவர் கையைத் தட்டிவிட, குண்டு சுவரில் போய்ப் பட்டது. இங்குள்ள பத்திரிகைகளில் பெரும்பாலும் அந்தத் துப்பாக்கிதான் செய்தியானது. எனக்கென்னவோ சக்கர நாற்காலிதான் பெரிய செய்தி. சட்டம் அனுப்பாத, போலீஸ் இழுத்து வராத ஓர் ஆள், ஒரு மாநிலத்தையே ஆண்ட ஆள், தானாக வந்து கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு எப்படி வாசலில் உட்காருகிறார்? குண்டு பாய்ந்த மறுநாளும் மிச்சத் தண்டனையை முடிக்க ஆனந்த்பூர் சாஹிப் போய் எப்படி உட்காருகிறார்?

இந்தத் தண்டனைக்குத் தன்கா என்று பெயர். தண்டனைக்கு உள்ளானவர் தன்காயா. விதிக்கிற இடம் அகால் தக்த். பொற்கோயிலுக்கு எதிரே, அதே வளாகத்தில் நிற்கும் கட்டடம் அது. ஆறாம் குரு ஹர்கோபிந்த் 1606இல் எழுப்பிய மேடையிலிருந்து வளர்ந்தது. சீக்கியர்களின் உலகியல் விவகாரங்களுக்கு இதுதான் உச்ச பீடம். இதன் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் ஜதேதார். அவரிடம் சிறை கிடையாது, காவல்துறை கிடையாது. கூப்பிட்டால் வரவேண்டும் என்று சமூகம் நினைப்பது ஒன்றுதான் அவருடைய பலம்.

தன்கா என்ற சொல்லைக் கவனியுங்கள். பாரசீக மூலத்தில் அதற்குச் சம்பளம் என்று பொருள். சம்பளம் எப்படித் தண்டனையானது என்று வியக்க வேண்டியதில்லை. காடுகளில் ஒளிந்து திரிந்த காலத்தில் சீக்கியப் படையினர் தங்களுக்குள் ஒரு தலைகீழ் அகராதியே வைத்திருந்தார்கள். வறுத்த கடலைக்கு பாதாம் என்று பெயர். தனியாக ஒருவன் வந்தால் ‘ஒன்றேகால் லட்சம் பேர் வந்திருக்கிறார்கள்’ என்பார்கள். பேரெல்லாம் சிங்கம் என்று வைத்துக்கொண்ட, தனி ஆளையே ஒரு சேனையாக எண்ணும் சமூகம் இது. பெருமிதம் அவர்களுக்குப் பாலோடு புகட்டப்படுவது. அந்தச் சமூகம்தான் செருப்பு துடைப்பதைத் தன் உச்ச தண்டனைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. உச்ச வழிபாடுகளில் ஒன்றாகவும்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது.

பொற்கோயிலுக்குப் போனவர்களுக்கு ஜோடா கர் தெரிந்திருக்கும். செருப்பு வைக்கும் கூடம். கல் திண்டுக்கு மறுபக்கம் நிற்பவர் உங்கள் செருப்பைக் கைநீட்டி வாங்கிக்கொள்கிறார். காலால் தள்ளச் சொல்வதில்லை, சாக்கில் போடச் சொல்வதில்லை. குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்குகிறார். எண் பொறித்த வில்லை ஒன்றைத் தருகிறார். காசு கிடையாது. உள்ளே சிலர் சிறிய துணியை வைத்துக்கொண்டு செருப்புகளின் தூசியைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். வாங்கியவர் வழக்கறிஞராக இருக்கலாம், துணிக்கடை முதலாளியாக இருக்கலாம், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பொறியாளராக இருக்கலாம். மணிக்கணக்கில் நின்றுவிட்டுப் போகும்போது தரையிலிருந்த தூசியைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்பவர்களும் உண்டு.

நம் ஊர்க் கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் தருபவரோடு இதை ஒப்பிட்டுச் சிரிக்கலாம். ஆனால் சிரிப்போடு நிறுத்திவிட்டால் விஷயம் நழுவிவிடும். செருப்பு என்பது இந்தத் துணைக்கண்டத்தில் வெறும் அழுக்குப் பொருள் அல்ல. அதைத் தைக்கிறவர் யார், யார் அதைப் போட்டுக்கொண்டு எந்தத் தெரு வழியாக நடக்கக் கூடாது என்பதெல்லாம் சாதி எழுதிவைத்த கணக்கு. ‘செருப்பால் அடிப்பேன்’ என்பது வலியைப் பற்றிய மிரட்டல் அல்ல என்பது தமிழனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பொருளை முன்பின் தெரியாதவன் காலிலிருந்து வாங்கித் துடைப்பதை ஒரு மதம் புண்ணியமாக்கியது என்றால், அது பணிவைப் போதித்தது என்று மட்டும் சொல்லக் கூடாது. அகந்தை எங்கே குடியிருக்கிறது என்று முகவரி தெரிந்துகொண்டு கதவைத் தட்டியிருக்கிறது.

அந்த அகந்தைக்கு அவர்கள் வைத்த பெயர் ஹௌமை. ‘நான், நான்’ என்கிற நச்சரிப்பு. குரு நானக் தொடங்கி குருமார்களின் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் சொல் இது. இரண்டாம் குரு அங்கதின் வரி ஒன்று அதை இப்படிச் சொல்கிறது: ஹௌமை பெரும் நோய், அதற்கான மருந்தும் அதற்குள்ளேயே இருக்கிறது. மற்ற மரபுகள் நோயைப் பற்றி ஏராளமாகப் பேசியிருக்கின்றன. மருந்து நோய்க்குள்ளேயே இருக்கிறது என்பது புதிது. எந்தக் கை ‘என்னுடையது’ என்று பற்றுகிறதோ அதே கையில் வேலையைக் கொடு. மனம் பணியும் வரை காத்திருக்காதே, முதுகை வளை. நான் புரிந்துகொண்ட அளவில் மருந்து இதுதான்.

இந்த மருந்து யார்மீது வேலை செய்தது என்பதற்குச் சீக்கியர்கள் சொல்லும் கதைகளில் எனக்குப் பிடித்தது மூன்றாம் குரு அமர்தாஸின் கதை. பக்தர்கள் பிற்காலத்தில் எழுதிவைத்த கதைதான். கல்வெட்டு ஆதாரம் கேட்டால் கிடைக்காது. ஆனால் ஒரு சமூகம் தன் பெரியவர்களைப் பற்றி எதைச் சொல்லிக்கொள்ளத் தேர்ந்தெடுக்கிறது என்பதும் வரலாறுதான்.

அமர்தாஸ் 1479இல் பிறந்தவர். அங்கதிடம் வந்து சேரும்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அங்கத் அவரைவிடப் பல ஆண்டுகள் இளையவர், உறவு முறையில் சம்பந்தி வீட்டுக்காரர். சம்பந்தி வீட்டில் ஒருவேளை சாப்பிடுவதற்கே ஆயிரம் கௌரவம் பார்க்கும் ஊர் நம்முடையது. பஞ்சாபும் அதற்குக் குறைந்ததல்ல. அந்த வீட்டில் கிழவர் தண்ணீர் சுமக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். பொழுது விடிவதற்குள் பியாஸ் ஆற்றுக்குப் போய், குருவின் குளியலுக்குக் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு சில மைல் நடந்து கதூருக்கு வரவேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் இதைச் செய்தார் என்கிறார்கள்.

ஒரு மழை இரவு. இருட்டில் ஒரு நெசவாளர் வீட்டருகே தறிக்காக அடித்திருந்த முளையில் கால் தடுக்கிக் கீழே விழுந்தார். குடத்தை மட்டும் விடவில்லை. சத்தம் கேட்டு உள்ளே நெசவாளர் ‘யாரது?’ என்கிறார். ‘வேறு யார் இந்த நேரத்தில் அலைவார்? போக்கிடமற்ற அந்த அம்ருதான்’ என்கிறாள் மனைவி. மறுநாள் சபையில் அங்கத் அந்தச் சொல்லைத் திருப்பினார்: இவன் போக்கிடமற்றவன் அல்ல, போக்கிடமற்றவர்களுக்குப் போக்கிடம். 1552இல் அமர்தாஸ் குருவானபோது வயது எழுபத்து மூன்று.

கதை அங்கே முடிந்திருந்தால் அது பக்திக் கதை. முடியவில்லை. அங்கதின் மகன் தாத்துவுக்கு ஆத்திரம். அப்பாவின் இடம் மகனுக்கு வராமல் வீட்டில் தண்ணீர் சுமந்த கிழவனுக்குப் போய்விட்டதே. கோயிந்த்வாலுக்கு வந்து, ஆசனத்தில் உட்கார்ந்திருந்த அமர்தாஸைச் சபை நடுவே காலால் உதைத்துத் தள்ளினார். கிழவர் எழுந்து அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: ‘என்னுடையது வயதான எலும்பு, கெட்டிப்பட்டுப் போனது. உங்கள் கால் வலித்திருக்குமே.’

இந்த வாக்கியத்தைப் பணிவு என்று படிக்கலாம். எனக்கு அதில் ஒரு கூர்மையும் தெரிகிறது. உதைத்தவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. அமர்தாஸ் ஊரைவிட்டே போய், சொந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் கதவடைத்துக்கொண்டார். தாத்து ஆசனத்தில் உட்கார்ந்தார். எதிரே உட்கார ஆள் வரவில்லை. கதவைத் திறந்து வருபவன் என் சீடன் அல்ல என்று அமர்தாஸ் எழுதி வைத்திருந்ததால், சீடர்கள் பின்சுவரில் ஓட்டை போட்டு உள்ளே போய் அவரை அழைத்து வந்தார்களாம். அந்த ஓட்டையின் பெயரால் இன்றும் அங்கே ஒரு குருத்வாரா இருக்கிறது.

லங்கர் என்ற பந்தியை நானக் தொடங்கினார் என்றால் அதை நிபந்தனையாக்கியவர் இந்த அமர்தாஸ்தான். முதலில் பந்தி, பிறகுதான் குருவின் தரிசனம். பேரரசர் அக்பரே கோயிந்த்வாலில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் உள்ளே போனார் என்பது மரபு. இன்று பொற்கோயில் லங்கரில் ஒரு நாளைக்கு 50,000 முதல் 1,00,000 பேர் வரை சாப்பிடுகிறார்கள். ரொட்டி வாங்க இரண்டு கையையும் ஏந்த வேண்டும், ஒரு கையை நீட்டினால் பரிமாறுகிறவர் காத்திருப்பார். உண்பவருக்கும் ஒரு சிறு வளைவு. உணவுக்கூடத்தை நெருங்கும்போதே கேட்கும் சத்தம் தட்டு கழுவும் சத்தம்தான். ஆயிரக்கணக்கான எவர்சில்வர் தட்டுகள் தொட்டிகளில் மோதுகிற, ஓயாத உலோக மழை. வரிசையாக நின்று கழுவுகிறவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை. சுக்பீர் பாதல் கழுவியது அந்தத் தொட்டியில்தான்.

அதாவது பக்தன் ஊரிலிருந்து டிக்கெட் எடுத்து வந்து, இடம் கிடைக்குமா என்று காத்திருந்து செய்கிற வேலையும், குற்றவாளிக்குத் தண்டனையாக விதிக்கப்படுகிற வேலையும் ஒன்றே. வேறு எந்த நீதிமுறையிலாவது இப்படி உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன், தோன்றவில்லை. கல்லுடைப்பதை எந்த அரசும் புண்ணியமாகச் சொன்னதில்லை. தன்காவின் தருக்கம் வேறு: நீ கூட்டத்தைவிட உயரமாகிவிட்டாய், கூட்டம் நிற்கும் தரைக்கு இறங்கி வா. இறங்கி வந்துவிட்டால் கணக்கு முடிந்தது. பிறகு யாரும் பழையதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்பதும் மரபு.

நம்மிடமும் இதன் பாதி இருக்கிறது. உழவாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய அப்பர், ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்றவர். வயதில் எவ்வளவோ இளைய சம்பந்தரின் சிவிகையைக் கூட்டத்தோடு கூட்டமாகத் தோளில் தாங்கினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ஆனால் அப்பரின் பணிவு அப்பருடையது. ஒரு மந்திரியைக் கூப்பிட்டு ‘இந்தா உழவாரம், ஒரு வாரம் பிராகாரத்தைச் செதுக்கு’ என்று சொல்ல இங்கே ஒரு பீடம் உருவாகவில்லை. உழவாரப் பணி விருப்பத் தொண்டாகவே நின்றுவிட்டது.

சீக்கியர்களிடம் அது அமைப்பானதற்கு 1699 முக்கியம். ஆனந்த்பூரில் பத்தாம் குரு கோபிந்த் சிங் ஐந்து பேருக்குத் தீட்சை தந்து, தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகமான கால்சாவை உருவாக்கினார். ஐவரில் ஒருவர் தண்ணீர் சுமப்பவர், ஒருவர் பீதரிலிருந்து வந்த நாவிதர். தீட்சை கொடுத்து முடித்ததும் குரு அந்த ஐவர் முன் மண்டியிட்டு, எனக்கும் தாருங்கள் என்றார். குருவையே தரைக்கு இறக்கிய இந்த ஐவர் சபைதான், பிறகு யாரையும் இறக்கும் அதிகாரம் பெற்றது. 2024இல் தண்டனை விதித்ததும் ஐந்து பேர் கொண்ட அமர்வுதான்.

மகாராஜா ரஞ்சித் சிங் பஞ்சாபின் பேரரசராக இருந்த காலத்தில், மோரான் என்ற நடனப் பெண்ணோடு அவருக்கிருந்த தொடர்புக்காக அகால் தக்தின் அகாலி பூலா சிங் அவரைக் கூப்பிட்டனுப்பினார் என்றும், புளியமரத்தில் கட்டிச் சவுக்கடி கொடுக்கச் சொன்னார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். மகாராஜா சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி நின்றார். நின்றதே போதும் என்று கூட்டம் மன்னித்துவிட்டது.

அந்த ரஞ்சித் சிங்தான் கோயிலுக்குத் தங்கத் தகடு போர்த்தியவர். கருவறை வாசலில் அதைச் சொல்லும் பொறிப்பு இருக்கிறது. நான் கொடுத்தேன் என்று அதில் இல்லை. ரஞ்சித் சிங்கைத் தன் தலைமைச் சேவகனாகக் கருதி, கோயிலுக்குச் சேவை செய்யும் பேற்றை குரு அவருக்கு அருளினார் என்று இருக்கிறது. அழகான பணிவு. ஆனாலும் அந்தத் ‘தலைமை’ என்ற சொல் என்னை உறுத்துகிறது. சேவகர்களிலும் ஒரு தலைமைச் சேவகன்! ஹௌமை எவ்வளவு சின்ன இடுக்கிலும் உட்கார்ந்துகொள்ளும் என்பதற்குத் தங்கத்தில் எழுதிய சாட்சி. கோயிலைச் சுற்றிவரும் பிராகாரத்தின் தூண்களிலும் சுவர்களிலும் நன்கொடையாளர் பெயர் பொறித்த சலவைக்கல் பலகைகளுக்குக் குறைவில்லை. ட்யூப்லைட்டில் ‘உபயம்’ எழுதி வெளிச்சத்தை மறைப்பது தமிழனின் ஏகபோகம் என்று நினைத்திருந்தவர்கள் திருத்திக்கொள்ளலாம்.

தலைப்பில் சொன்ன முதலமைச்சர் சுர்ஜித் சிங் பர்னாலா. பின்னாளில் தமிழகத்தின் ஆளுநராக இருந்தாரே, அவரேதான். 1986 ஏப்ரல் 30ஆம் தேதி பொற்கோயில் வளாகத்துக்குள் போலீஸை அனுப்பிய பஞ்சாப் முதலமைச்சர் அவர். அதற்காகத் தன்கா விதிக்கப்பட்டு, பதவியில் இருந்துகொண்டே பக்தர்களின் செருப்பைத் துடைத்தார். 1988இல் மறுபடி வந்தபோது கழுத்தில் அட்டை மாட்டி, கயிற்றால் தூணோடு பிணைத்து நிற்கவைக்கப்பட்டார். மத்திய உள்துறை அமைச்சராக இருந்த பூட்டா சிங்கும் பின்னாளில் தன் தன்காவை நிறைவேற்றித்தான் சமூகத்துக்குள் திரும்பினார். சென்னை ராஜ்பவனில் பர்னாலாவை அமைதியான, மெல்லப் பேசும் முதியவராகப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தூணும் கயிறும் தெரிந்திருக்கும்?

இதுவரை சொன்னதை வைத்து, அகந்தையை வேரோடு பிடுங்கிவிட்ட ஒரு சமூகத்தின் படத்தை யாராவது மனதில் வரைந்துகொண்டால், 1920 அதைக் கிழித்துவிடும்.

அப்போது பொற்கோயில் நிர்வாகம் ஆங்கிலேய அரசு அமர்த்திய அரூர் சிங்கின் கையில் இருந்தது. ஜாலியன்வாலா பாக் கோயிலிலிருந்து நடை தூரத்தில் இருக்கிறது. அங்கே சுட்ட ஜெனரல் டயருக்கு 1919இல் கோயிலின் மரியாதை வழங்கப்பட்டது. வாசலில் துடைப்பமும் தொட்டியில் எச்சில் தட்டும் அப்போதும் இருந்தன. சேவையின் எல்லாக் கருவிகளும் இருந்தன; அதிகாரத்தின் முன் வளைவதற்குத்தான் முதுகு பயன்பட்டது.

1920 அக்டோபர் 12ஆம் தேதி, அதே ஜாலியன்வாலா பாக்கில் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பலர் தீட்சை பெற்றார்கள். கடா பிரசாதம் என்ற கோதுமை அல்வாவை எடுத்துக்கொண்டு, கால்சா கல்லூரி ஆசிரியர்கள் சிலரும் உடன்வர, கோயிலுக்கு நடந்தார்கள். அர்ச்சகர்கள் பிரசாதத்தை வாங்க மறுத்தார்கள். இவர்களுக்காகப் பிரார்த்தனை சொல்லவும் முடியாது என்றார்கள். வாக்குவாதம் நீண்டது. கடைசியில் குரு கிரந்த் சாஹிபையே கேட்டுவிடுவோம் என்று முடிவானது. நூலைப் பிரித்து, கண்ணில் படும் முதல் பாடலைக் கட்டளையாக எடுத்துக்கொள்வது முறை.

பிரித்தார்கள். வந்த பாடலின் கருத்து: குணமற்றவர்களையும் அவனே மன்னித்து, சற்குருவின் சேவையில் சேர்த்துக்கொள்கிறான். யார் பாடியது? குரு அமர்தாஸ். போக்கிடமற்ற அம்ரு.

அர்ச்சகர்கள் பிரசாதத்தை வாங்கினார்கள். ஊர்வலம் அங்கிருந்து அகால் தக்துக்குப் போனபோது அங்கிருந்த அர்ச்சகர்கள் இடத்தை விட்டு ஓடியிருந்தார்கள். வந்தவர்கள் பொறுப்பேற்றார்கள். அடுத்த மாதமே சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது, 1925இல் அதற்குச் சட்டமும் வந்தது. இன்று பொற்கோயிலையும் அகால் தக்தையும் நடத்துவது அந்தக் கமிட்டிதான். தொடக்கம் இவ்வளவு மகத்தானது. ஆனால் பஞ்சாபின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தலித். அவர்களில் நிலம் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. நிலவுடைமைச் சாதியான ஜாட்களின் குருத்வாரா தனி, தலித் குருத்வாரா தனி, சுடுகாடும் தனி என்று இருக்கும் கிராமங்கள் இன்றும் உண்டு. பொற்கோயிலில் முன்பின் தெரியாதவன் செருப்பைத் துடைத்துவிட்டு வந்தவர், ஊர் திரும்பியதும் எந்தக் குருத்வாராவுக்குப் போகிறார் என்பதையும் சேர்த்துத்தான் சேவையை எடைபோட வேண்டும்.

யாரும் விதிக்காமல், கேமரா இல்லாமல் இதைச் செய்தவர் எப்படி இருப்பார் என்று கேட்டால், அமிர்தசரஸ்காரர்கள் பகத் பூரண் சிங்கைக் காட்டுவார்கள். 1904இல் லூதியானா மாவட்டத்தில் ராம்ஜி தாஸாகப் பிறந்தவர். லாகூரில் தேரா சாஹிப் குருத்வாராவில் சின்னச் சின்ன வேலைகள் செய்துகொண்டிருந்தபோது, 1934இல் உடல் ஊனமுற்ற ஒரு சிறுவனை யாரோ வாசலில் விட்டுப் போனார்கள். பேச்சு வராது, நடக்க வராது. பியாரா என்று பெயர் வைத்து முதுகில் சுமக்கத் தொடங்கினார். பதினான்கு ஆண்டுகள் சுமந்தார். தேசப் பிரிவினையில் லாகூரிலிருந்து அகதியாக வந்தபோதும் முதுகில் அந்தப் பிள்ளை. அமிர்தசரஸில் அவர் தொடங்கிய பிங்கல்வாரா இல்லத்தில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பராமரிக்கப்படுகிறார்கள். தெருவில் நடக்கும்போது ஆணி, கல், பழத்தோல் எதைப் பார்த்தாலும் குனிந்து பொறுக்கிக்கொண்டே போவார். ஒருபக்கம் அச்சாகி வீணான காகிதங்களை வாங்கி, மறுபக்கத்தில் மரம் நடுவது பற்றியும் மண் அரிப்பு பற்றியும் துண்டுப் பிரசுரம் அடித்துப் பொற்கோயில் வாசலில் இலவசமாகக் கொடுப்பார். 1979இல் பத்மஸ்ரீ வந்தது. 1984இல் பொற்கோயிலுக்குள் ராணுவம் புகுந்ததைக் கண்டித்து அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பணிவுள்ளவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கடைசித் தகவல்.

சுக்பீர் பாதல் விஷயத்துக்கு வருவோம். 2024 டிசம்பர் 2ஆம் தேதி அகால் தக்த் முன் அவர் நின்றபோது, கேள்விகளுக்கு விளக்கம் வேண்டாம், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல் என்றார்கள். தேரா சச்சா சவுதா என்ற தனி மதப்பிரிவின் தலைவரும், சீக்கியர்களை அவமதித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவருமான குர்மீத் ராம் ரஹீமுக்கு 2015இல் அகால் தக்தின் மன்னிப்பு கிடைக்கச் செய்தது உட்படக் குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். மறைந்த தந்தைக்கு 2011இல் வழங்கப்பட்ட ‘சமூகத்தின் பெருமை’ என்ற பட்டமும் அன்று பறிக்கப்பட்டது. அரசியல்வாதி ஒருவர் ‘ஆனால்’ என்ற சொல் இல்லாமல் பதில் சொன்ன காட்சி அபூர்வமானது. அந்தக் காட்சி உண்மையான மனமாற்றமா, தேய்ந்துபோன கட்சியைக் காப்பாற்றும் கணக்கா என்று அன்றே விவாதம் தொடங்கிவிட்டது. என்னைக் கேட்டால் தன்கா அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அது கையைப் பார்க்கிறது, நெஞ்சைத் திறந்து பார்ப்பதில்லை. அதன் பலமும் அதுதான், ஓட்டையும் அதுதான்.

ஓட்டை சீக்கிரமே தெரிந்தது. ஜதேதார்களை நியமிப்பதும் நீக்குவதும் குருத்வாரா கமிட்டி. கமிட்டியில் பெரும்பான்மை அகாலி தளத்துக்கு. தண்டனை விதித்த ஐவரில் ஒருவரான ஹர்பிரீத் சிங் 2025 பிப்ரவரியில் தம்தமா சாஹிப் என்ற இன்னொரு பீடத்தின் ஜதேதார் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். மார்ச் 7ஆம் தேதி, அகால் தக்தின் ஜதேதாராக இருந்து தண்டனையை வாசித்த ரக்பீர் சிங் நீக்கப்பட்டார்.

ஏப்ரல் 12ஆம் தேதி சுக்பீர் சிங் பாதல் மீண்டும் அகாலி தளத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கூட்டம் நடந்தது தேஜா சிங் சமுந்திரி மண்டபத்தில். அது பொற்கோயில் வளாகத்திலேயே இருக்கிறது; ஈட்டியோடு அவர் உட்கார்ந்திருந்த வாசலிலிருந்து நடந்தே போய்விடலாம்.